தேடி வரும் முக்காலிகள்

ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு அரைக்கிற மாதங்களில் காற்றுக்கே ஒரு புளிப்பு வந்துவிடும். ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்குப் பாலைப் பிழிந்து எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையைத் திப்பி என்பார்கள், அதை ரோட்டோரம் களம் களமாகக் கொட்டிக் காயவைத்திருப்பார்கள், வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள், உள்ளூர்க்காரர்களுக்கோ அந்த வாடை மூக்கில் ஏறுவதே இல்லை. மாட்டுக்குப் போட்டது போக மிச்சத்தை என்ன செய்யலாம் என்று யாரும் மெனக்கெட்டு யோசிக்காத அந்தத் திப்பியைத்தான், ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டு பிளாஸ்டிக் சாமான் செய்துகொண்டிருந்த இந்திராணி ஒரு நாள் சாக்கில் வாங்கிவந்து அடுப்பில் ஏற்றினாள், இந்த ஊர்த் தெருக்களில் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிற முக்காலிகள் அதிலிருந்து பிறந்தவைதான்.

இந்திராணிக்கு எந்தச் சாமானையும் ஊர் உலகத்தில் இருக்கிற மாதிரி செய்ய வராது. மற்றவர்கள் சோப்பு டப்பா செய்தால் அவள் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிற தவளை செய்வாள், நாக்கின் மேல் சோப்பு உட்காரும், தண்ணீர் வாய் வழியாக வடியும். மற்றவர்கள் குளிக்கிற மக்குக்கு வெறும் பிடி வைத்தால் அவள் ஒரு காதை வைப்பாள், தினமும் யாரோ ஒருவருடைய காதைத் திருகிக்கொண்டே தலைக்கு ஊற்றிக்கொள்ளலாம், மருமகள்கள்தான் அதை அதிகம் வாங்கினார்கள் என்று கடைக்காரர் சொன்னார். துணி மாட்டுகிற கிளிப்பைக் காக்கை அலகு மாதிரி செய்து கறுப்புச் சாயம் போட்டபோது நிஜக் காக்கைகள் கொடியில் வந்து வரிசையாக உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணின. இதற்கெல்லாம் அச்சு வெட்டித் தருகிறவன் அவள் புருஷன் மாதேஸ்வரன். லேத்துப் பட்டறையில் வளர்ந்தவன், நேர்கோட்டை மட்டும் நம்புகிறவன். “ஒரு சாமான் ஒரு வேலை செஞ்சாப் போதாதா? அது எதுக்குப் பல்லக் காட்டோணும்?” என்று கேட்டுக்கொண்டே தவளைக்குக் கண்ணும் காதுக்கு மடலும் வெட்டித் தருவான், வெட்டி முடித்ததும் யாரும் பார்க்காத நேரமாகத் தடவிப் பார்த்துக்கொள்வான்.

முக்காலி செய்யக் கிளம்பியபோதும் அதே கதைதான். கால்களை நேராக விடாமல் ஒவ்வொரு காலுக்கும் நடுவில் லேசாக ஒரு முழங்காலும், அடியில் விரல் தெரிகிற ஒரு பாதமும், ஒரு விரலில் மெட்டி மாதிரி ஒரு வளையமும் வேண்டும் என்றாள்.

“முழங்கால் வெச்சா நடந்து போயிரும் இந்திராணி,” என்றான் மாதேஸ்வரன்.

“போனாப் போவட்டும் மாமா. ஒரே எடத்துல கெடந்து என்ன சாதிக்கப் போவுது.”

திப்பியை வேகவைத்து, பழைய சைக்கிள் டியூபை அரைத்த பொடியும் தென்னைநார்த் தூளும் விளக்கெண்ணெயும் விட்டுப் பிசைந்து வைத்திருந்த அன்று மத்தியானம் கரண்ட் போனது, இருட்டும்வரை வரவில்லை, மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மாவு பொங்கி அண்டாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து கிடந்தது. இந்தத் தொழில் தெரிந்த எவரும் அதைத் தூக்கிக் கொட்டியிருப்பார்கள். ஆனால் பொங்கின மாவைக் கொட்ட இந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கை வராது, இந்திராணிக்கும் வரவில்லை, இட்லி மாவுக்குச் செய்கிற மாதிரியே ஒரு பிடி கல்லுப்பை அள்ளிப் போட்டு, முழங்கை வரை கையை விட்டு அடியோடு கலக்கி அச்சில் ஊற்றினாள், அடுத்த தடவைக்கு உறையாக ஒரு சொம்பு மாவை எடுத்தும் வைத்தாள். காரணம் என்று கேட்டால் இவ்வளவுதான் சொல்ல முடியும். கைராசி என்றார்கள் சிலர், உப்பு என்றார்கள் சிலர், அதற்கு மேல் யாரும் நோண்டவில்லை, இட்லி பூவாட்டம் வந்தால் சட்னியை எடு என்பார்களே தவிர ஏன் வந்தது என்று யார் கேட்கிறார்கள்.

முதலில் வந்தது ஒரு மஞ்சள் முக்காலி. சூடு ஆறியதும் அது கொட்டகையை விட்டு இறங்கி, டக் டக்கென்று ரோட்டைக் கடந்து, எதிர்க் களத்தில் விடிந்ததிலிருந்து திப்பியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த பாப்பாத்தியின் பின்னால் போய் நின்று, முழங்கால் மடிப்பில் கன்றுக்குட்டி முட்டுகிற மாதிரி மெதுவாக முட்டியது. பாப்பாத்தி திரும்பிப் பார்த்தாள், உட்கார்ந்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள், பிறகு ரோட்டின் இந்தப் பக்கம் திரும்பி, “நல்லாருக்குது இந்திராணி, இடுப்புக்கு எதமா இருக்குது,” என்று சொல்லிவிட்டு எழுந்து வேலைக்குப் போனாள். முக்காலியும் வேலை முடிந்த மாதிரி திரும்பி வந்தது.

“நான் அப்பவே சொன்னன்,” என்றான் மாதேஸ்வரன்.

அடுத்தடுத்து வந்த பச்சையும் செங்கல் நிறமும் நீலமும் அதே குணத்தோடுதான் வந்தன, எங்கே ஓர் உயிர் களைத்து நிற்கிறதோ அங்கே தேடிப் போய் முட்டி உட்காரவைத்தன, ஊரும் அவற்றை ஒரு புது டவுன் பஸ் விட்டால் எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படியே ஏற்றுக்கொண்டது. ரேஷன் கடை வரிசையில் வெயிலில் நின்றவர்களிடம் அவை வந்தபோது வரிசை குலையக்கூடாது என்பதைப் பற்றித்தான் சண்டை வந்தது, முக்காலி எப்படி வந்தது என்பதைப் பற்றி வரவில்லை. தம்மம்பட்டி பஸ்ஸில் கிழவர் ஒருவர் ஒரு முக்காலியைத் தூக்கி ஏற்றிக்கொண்டபோது கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட வேண்டுமா டிக்கெட் போட வேண்டுமா என்று யோசித்து, உட்காருகிறவனுக்குத்தான் டிக்கெட், உட்காரவைக்கிறவனுக்கு இல்லை என்று முடிவு செய்தார். ஒரு கட்சிக் கூட்டத்தில் மேடையில் போட்டிருந்த முக்காலிகள் தலைவர் பேச ஆரம்பித்த சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக இறங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டன, தலைவரும் விஷயம் தெரிந்தவர், பேச்சைச் சுருக்கிக்கொண்டார். அவற்றால் படி ஏற முடியாது என்று தெரிந்த பிறகு ஆஸ்பத்திரியிலும் தாலுகா ஆபீசிலும் படிக்குப் பக்கத்தில் பலகை சாய்த்து வைத்தார்கள், அந்தப் பலகையில் தள்ளுவண்டிக்காரர்களும் ஏறிப் போனார்கள், நல்லதாய்ப் போயிற்று.

வீடுகளில்தான் கொஞ்சம் வில்லங்கம். ஆபீஸ் விட்டு வந்த ஆம்பிளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முக்காலி வரட்டும் என்று நடுக்கூடத்தில் அகலமாக நின்றார்கள், முக்காலி அவர்களைச் சுற்றிக்கொண்டு நேராகச் சமையற்கட்டுக்குப் போயிற்று. பீஸ் சரியில்லை என்று இந்திராணியிடம் தூக்கிவந்தவர்கள் எத்தனையோ பேர். அவளும் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்து, மூன்று காலையும் ஆட்டிப் பார்த்து, “நல்லாத்தான் இருக்குதுங்க. வூட்ல யாரு மொதல்ல எந்திரிக்கறாங்க?” என்று கேட்பாள். வந்த வழியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு மாமியாரும் மருமகளும் நீயா நானா என்று முக்காலியை நடுவில் வைத்து வேலை செய்து பார்த்த கதையும் நடந்தது, அன்று அந்த வீடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, கடைசியில் முக்காலி இரண்டு பேரையும் விட்டுவிட்டு எதிர்வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளிடம் போய்விட்டது.

இதில் ஒன்று மட்டும் இந்திராணிக்கு உள்ளுக்குள் உறுத்தியது. இத்தனை முக்காலி செய்தவளிடம் ஒன்றுகூட வந்ததில்லை. அச்சிலிருந்து எடுத்து அவள் கையாலேயே உரசி வழவழப்பாக்கி இறக்கிவிட்டவை, அவளைத் தாண்டிக்கொண்டு, அவள் காலடியிலேயே நடந்து யார் யாரிடமோ போயின. “உனக்கு ஏது களைப்பு? வெளையாட்டுச் சாமான் செய்யறவளுக்குக் களைப்பே வராது,” என்பான் மாதேஸ்வரன். அவள் சிரித்துக்கொள்வாள், ஆனாலும் எப்போதாவது தனியாக இருக்கும்போது வேண்டுமென்றே ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஓரக்கண்ணால் பார்ப்பாள். ஒன்றும் அசையாது.

அந்தச் சமயத்தில்தான் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற தாண்டவமூர்த்தி வாடிக்கையாளர்கள் உட்காருவதற்கென்று முக்காலிகள் வாங்க வந்தார். இந்திராணியின் தங்கை கோகிலா அவர் கடையில்தான் பட்டுப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்கிறாள்தான், காலையில் கடை திறந்து மாலை சாத்தும்வரை அந்தக் கடையில் வேலை செய்கிறவர்கள் யாரும் உட்காரக் கூடாது. அது கல்மனசால் வந்த சட்டமில்லை. தாண்டவமூர்த்தியின் அப்பா ஒரு கோடையில் காலில் புண் வந்து கல்லாவில் உட்கார்ந்தாராம், அந்த வருஷமே வியாபாரம் படுத்துவிட்டதாம், அதிலிருந்து பையன் வாசலில் கைகூப்பி நின்றவர்தான், அறுபது வயதாகியும் கடை நேரத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முதலாளி நிற்கும்போது கடைப் பெண்கள் உட்காருவதாவது. இந்திராணி அந்த முதல் மஞ்சள் முக்காலியை விற்காமல் வைத்திருந்தாள், அன்றைக்கு அதையும் சேர்த்துக் கொடுத்தாள், தங்கச்சி பக்கத்தில் இருக்கட்டுமே என்றுதான்.

அடுத்து வந்த விடுமுறை நாளில் கோகிலா அக்கா வீட்டுக்கு வந்தாள், வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அக்கா, அந்த மஞ்ச முக்காலி என்னையவே சுத்திச் சுத்தி வருது. மொதலாளி ரெண்டு தடவ திரும்பிப் பாத்துட்டாரு.”

“நீ உக்காந்தியா?”

“எங்க உக்கார? காலாலயே தள்ளி விட்டன். தள்ளி விட்டா, கஸ்டமருக்குப் போட்ட பச்சயும் நீலமும் சேந்துக்கிட்டு வருது. ஒரு அம்மா உக்காரப் போயி கீழ விழுந்திருப்பாங்க.”

இந்திராணி தங்கையின் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்து, போகாத கோயிலுக்கெல்லாம் போய் வேண்டி, இப்போதுதான் கோகிலாவுக்கு வயிற்றில் தங்கியிருந்தது. வீட்டில் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

“மொதலாளிகிட்டச் சொல்லிர வேண்டியதுதான கண்ணு. அவுரு நல்ல மனுசந்தான.”

“நல்ல மனுசன்தான். அதான் பழம் குடுத்து அனுப்பிருவாரு.”

அதுதான் அந்தக் கடையின் வழக்கம். பிள்ளைத்தாச்சி துணி மூட்டை தூக்கினால் பாவம் நம்மேல் வந்து சேரும் என்று தாண்டவமூர்த்தி அவளைக் கூப்பிட்டு, ஒரு மஞ்சள் பையில் பழமும் பூவும் ஒரு நல்ல சேலையும் போட்டு, நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து வா என்று மனசார வாழ்த்தி அனுப்புவார். அடுத்த நாளே அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள். பழம் வாங்கிப் போன எவளும் திரும்பி வந்து நின்றதில்லை. கோகிலாவுக்கு அந்த இடம் வேண்டும். மடிப்பை உதறிப் பட்டு சரசரவென்று விரிகிற அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் காலையில் ஓடுகிறாள், குழந்தையும் வேண்டும், பட்டும் வேண்டும், இதில் எது பேராசை என்று அவளுக்கு விளங்கவில்லை. அம்மா போன பிறகு அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இந்திராணி, தன் கை செய்த சாமானே தங்கச்சியைக் காட்டிக் கொடுக்கப் போகிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைப் பெண்களுக்கு ஒருத்தி வயிற்றில் இருப்பதைக் கண்டுபிடிக்க முக்காலி தேவையா என்ன. சுடிதார் பிரிவில் நிற்கிற தில்ஷாத் முதலில் கண்டுகொண்டாள், கண்டுகொண்டதும் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூட்டி ஒரு வழி சொன்னாள். “அது யாரு ரொம்பக் களைச்சிருக்காங்களோ அவங்ககிட்டத்தானே போவுது? நாம எல்லாரும் இவள விடக் களைச்சிருவோம்.”

அன்றிலிருந்து அந்தக் கடையில் நடந்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு சேலை கேட்டவர்களுக்கு அலமாரி முழுவதையும் இறக்கிக் காட்டினார்கள், மேல்மாடிக் கிடங்குக்கு ஒரு கைக்குட்டை எடுக்கக்கூட ஓடி ஏறி ஓடி இறங்கினார்கள், மடித்ததைப் பிரித்து பிரித்ததை மடித்தார்கள், கஸ்டமர் இல்லாத நேரத்தில் ஒற்றைக் காலில் நின்றார்கள். முக்காலிகளுக்குத் தலை சுற்றிவிட்டது, மஞ்சள் இங்கே ஓடுவதா அங்கே ஓடுவதா என்று நடுக்கடையில் நின்று திரும்பிக்கொண்டே இருந்தது. இவ்வளவு மனசோடு துணி காட்டுகிற கடையை யார் விடுவார்கள், கூட்டம் அள்ளியது, தாண்டவமூர்த்தி வாசலில் நின்று, பார்த்தீர்களா நிற்கிற கடை எப்படி நிற்கிறதென்று, எனப் பக்கத்துக் கடைக்காரரிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். ஆனால் மற்றவர்களின் களைப்பு காபி குடித்தால் போகிற களைப்பு, கோகிலாவுடையது நாளுக்கு நாள் ஏறுகிற களைப்பு, எத்தனை நாளைக்கு இந்தப் போட்டி.

இந்திராணி கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ஆளில்லை. களைப்பு காலில்தான் ஆரம்பிக்கிறது, காலை மடியில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு செருப்பு இருந்தால் களைப்பே ஏறாது, களைப்பு ஏறாவிட்டால் முக்காலி வராது என்று கணக்குப் போட்டு, சொம்பில் வைத்திருந்த உறை மாவையே எடுத்து, அதே உப்பு, அதே கைக்கலக்கலோடு கோகிலாவுக்கு ஒரு ஜோடி செருப்பு வார்த்தாள். பூனைக்குட்டி சுருண்டு படுத்திருக்கிற உருவம், வாலே வார். மாதேஸ்வரன் அச்சு வெட்டும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். சொல்லியிருக்கலாம். களைத்தவரை இளைப்பாறக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றுதான் அந்த மாவுக்குத் தெரிந்த வேலை என்பதும், அதைக் காலிலேயே மாட்டிவிட்டால் அது எங்கே கொண்டுபோகும் என்பதும் இந்திராணிக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

கோகிலா அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் நாள், செருப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க இந்திராணி கடைவீதிக்கே போய், எதிரே கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தம்மம்பட்டியிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டம்மாவுக்குக் கோகிலா அரக்குக் கலர்ப் பட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினாள், சேலையின் உடல் பகுதியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு முந்தானையை அந்த அம்மா கையில் கொடுத்தாள், கொடுத்த அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஒரு அசதி வந்தது, செருப்புகள் திரும்பின, வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கின, நேராகக் கோட்டைத் தெருவிலிருக்கிற அவள் வீட்டுக் கட்டிலுக்கு. கோகிலா அலமாரியைப் பிடித்தாள், தூணைப் பிடித்தாள், ஒன்றும் பலிக்கவில்லை, அந்தப் பதற்றத்தில் செருப்பைக் கழற்றலாம் என்று தோன்றவுமில்லை, பட்டுச் சேலை தோளில் சரசரக்க வாசலில் கைகூப்பி நின்ற முதலாளியைத் தாண்டி வீதிக்கு வந்துவிட்டாள். கல்யாண வீட்டம்மா லேசுப்பட்டவர் இல்லை, பிடித்துப்போன சேலையின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தார். இருவருக்கும் நடுவில் அரக்குப் பட்டு கொடி மாதிரி விரிந்து போயிற்று, அதன் பின்னால் தாண்டவமூர்த்தி, அவர் பின்னால் கடைப் பெண்கள், எல்லோருக்கும் பின்னால் டக் டக் டக்கென்று கடை முக்காலிகள் அத்தனையும். கடைவீதி அதற்கு வழி விட்டது. ஏதோ சீர் போகிறது என்று பூக்கடைக்காரி ஒரு முழம் பூவைக்கூடத் தட்டில் எடுத்து வைத்தாள்.

இந்திராணியும் ஓடினாள். என் கையாலேயே கெடுத்தேனே, என் கையாலேயே கெடுத்தேனே என்று முனகிக்கொண்டே ஓடினாள், வேர்த்துக் கொட்டியது, மூச்சு முட்டியது, பக்கத்திலேயே ஓடிய முக்காலிகளில் ஒன்றுகூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தேரடிப் பக்கம் வந்தபோது தாண்டவமூர்த்தி நின்றுவிட்டார். வாசலில் நின்றே பழகிய கால்களுக்கு ஓட்டம் புதிது, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கினார். அதுவரை கோகிலாவுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த முக்காலிகள் அத்தனையும் அவர் பக்கம் திரும்பி அவரைச் சுற்றி நின்றன, பச்சை ஒன்று பின்னாலிருந்து முழங்கால் மடிப்பில் முட்டியது, அவர் நிமிர்ந்து நின்றுகொண்டார். அதைப் பார்த்த கோகிலா அப்போதுதான் செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டு வெறுங்காலோடு திரும்பி வந்தாள். செருப்புகள் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டன, சாயங்காலம் கட்டிலடியில் கிடந்தன.

“உக்காருங்க மொதலாளி.”

“கடை தொறந்திருக்கற நேரம்மா.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எங்கப்பா உக்காந்த வருசம் கடையே போச்சு. நான் உக்கார மாட்டன்.”

மஞ்சள் முக்காலி மட்டும் கோகிலாவிடம் வந்து நின்றது. அவள் அதன் மேல் கை வைத்தாள், உட்காரவில்லை.

“நீங்க நின்னா நானும் நிக்கோணும்ங்க. அதானுங்க நம்ம கடைப் பழக்கம். என்னால முடியலீங்க. வயித்துல புள்ள இருக்குதுங்க.”

ஓடி வந்த இந்திராணி அங்கேயே நின்றாள். எது நடக்கக் கூடாதென்று இவ்வளவு பாடுபட்டார்களோ அது தேரடியில் எல்லோர் முன்னாலும் நடந்துவிட்டது. தாண்டவமூர்த்தி கோகிலாவின் முகத்தைப் பார்த்தார், வீங்கியிருந்த அவள் பாதங்களைப் பார்த்தார், அந்தப் பாதங்களை இத்தனை நாளாக எந்த இடத்தில் நிற்கவைத்திருந்தோம் என்பதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நின்றவர்களெல்லாம் அவர் பழப் பையைப் பற்றிப் பேசப் போகிறார் என்றுதான் நினைத்தார்கள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கண்ணை ஒரு தரம் மூடி அப்பாவை நினைத்துக்கொண்டு, பச்சை முக்காலியில் உட்கார்ந்தார்.

“இப்ப நீ உக்காரும்மா,” என்றார்.

கோகிலா உட்கார்ந்தாள். தில்ஷாத் உட்கார்ந்தாள், மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள், கடைவீதியே பார்த்துக்கொண்டிருக்க அவரும் அவர் கடையும் தேரடியில் உட்கார்ந்திருந்தார்கள். வானம் இடிந்து விழும் என்று காத்திருக்கிறவர் மாதிரி தாண்டவமூர்த்தி முழங்காலில் கை வைத்து விறைப்பாக இருந்தார். அப்போது முந்தானையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கல்யாண வீட்டம்மா, “ஏனுங்க, இதுக்கு என்ன வெலைங்க சொல்றீங்க?” என்று கேட்டார்.

தாண்டவமூர்த்தி விலையைச் சொன்னார். அந்த அம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, குறைக்கச் சொன்னார். இவர் முடியாதென்றார். கடைசியில் குறைத்துக் கொடுத்தார், அந்த அம்மா சம்பந்தி வீட்டுக்கும் இதே மாதிரி இரண்டு வேண்டும், பச்சையில் ஒன்று, மாம்பழக் கலரில் ஒன்று என்றார். வியாபாரம் படுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு வியாபாரம் முடிந்து அடுத்தது ஆரம்பித்திருந்தது. தாண்டவமூர்த்தி, அப்பாவுக்குக் காலில் புண் வந்த கோடையில் ஊரில் மழையும் இல்லை, கிழங்கும் விளையவில்லை என்று பிறகு பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னாராம்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் கஸ்டமர் இல்லாத நேரங்களில் பெண்கள் உட்கார்ந்தார்கள், யாருக்கு எப்போது என்பதை முக்காலிகளே பார்த்துக்கொண்டன, கண்காணிக்க ஆள் போடாமலே காரியம் நடந்தது. கோகிலா நிறைமாதம் வரை வந்தாள், மூட்டையை மற்றவர்கள் தூக்கினார்கள், அவள் உட்கார்ந்தபடியே பட்டை உதறினாள், சரசரப்பு ஒன்றும் குறையவில்லை. பிரசவத்துக்குப் போகிற அன்று கடைக்குள்ளேயே வளையல் போட்டார்கள், இந்திராணி கிலுகிலுப்பை மாதிரி ஒலிக்கிற வளையல்கள் வார்த்துக் கொண்டுவந்தாள். எல்லாம் முடிந்து தாண்டவமூர்த்தி பழமும் பூவும் சேலையும் எடுத்து வந்தபோது பெண்கள் அவர் கையைத்தான் முதலில் பார்த்தார்கள். ஆனால் அன்றைக்கு மஞ்சள் பை இல்லை. தீபாவளிக்கு முதல் சேலை வைத்துப் பூஜை போடுகிற கடையின் பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் அவை இருந்தன.

“பழம் உனக்கு, சேலை உனக்கு,” என்றார். “தாம்பாளம் கடையோடது. நீயே கொண்டாந்து குடுக்கோணும்.”

கொடுத்த பாத்திரத்தை வைத்துக்கொள்வதும் கூடாது, வெறுமனே திருப்பித் தருவதும் கூடாது என்பது இந்த ஊரில் நண்டு சிண்டுக்கும் தெரியும். கோகிலா பெண் குழந்தை பெற்றாள், பச்சை உடம்பு தேறியதும் தாம்பாளம் நிறையக் கற்கண்டோடு கடைக்குப் போய்த் தன் இடத்தில் நின்றாள், அதாவது உட்கார்ந்தாள். பகலில் குழந்தை மாமியாரிடம் இருந்தது, அந்தப் பூனைக்குட்டிச் செருப்பு தொட்டிலுக்கு அடியில் இருந்தது, அசதியாக வேலை முடிக்கிற நாளில் கடை வாசல்வரை வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகும்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், இந்திராணி கொட்டகையில் குடைப்பிடி ஒன்றை உரசிக்கொண்டிருந்தாள், மழை வந்தால் தும்முகிற மாதிரி ஒரு யானைத் தும்பிக்கை. பாதி உரசியதும் கை நின்றுவிட்டது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. தங்கச்சி வயிற்றில் தங்கிய நாளிலிருந்து, அதற்கும் முன்னால் அம்மா போன நாளிலிருந்து, அந்தப் பெண்ணை நினைத்து இழுத்துக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துவிட்ட மாதிரி இருந்தது, இத்தனை வருஷம் அவளே அறியாமல் சேர்ந்திருந்த களைப்பு அப்போதுதான் உடம்பில் இறங்கியது. தூணில் சாய்ந்துகொண்டு திப்பிக் களத்தைப் பார்த்தபடி நின்றாள்.

டக் டக்கென்று சத்தம் கேட்டது. ரோட்டில் அந்த மஞ்சள் முக்காலி வந்துகொண்டிருந்தது, மெட்டி விரலெல்லாம் புழுதி. அதற்குப் பின்னால், வேகமாக நடக்கவும் முடியாமல் விட்டுவிட்டுப் போகவும் மனசில்லாமல், கடைப் புடவையோடு கோகிலா வந்தாள்.

“சாப்புட உக்காந்திருந்தன், திடீர்னு எந்திரிச்சுக் கெளம்பிருச்சுக்கா. கடைக்குள்ள எத்தன பேரு, யாரையும் பாக்கல. கடைவீதியத் தாண்டுது, பாலத்தத் தாண்டுது. இவ்வளவு தூரம் யாருக்குப் போவுதுன்னு பாத்துட்டு வான்னு மொதலாளிதான் அனுப்புனாரு.”

முக்காலி கொட்டகைக்குள் வந்தது. இந்திராணி வழி விட்டு ஒதுங்கினாள், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. முழங்கால் மடிப்பில் மெதுவாக ஒரு முட்டு விழுந்தது.

“எனக்கா?” என்றாள். “நீ நின்னுக்கிட்டிருக்கறயே கண்ணு.”

“எனக்குக் களைப்பா இருந்தா எங்கிட்டல்ல நின்னிருக்கும்,” என்றாள் கோகிலா. “உக்காருக்கா.”

இந்திராணி உட்கார்ந்தாள்.